கறுப்புக் கிடாய்கிட்டப் போன வாடை

சென்னியப்பனோட வாடை அவன் மேலிருந்து எறங்கி, கொத்துக்காரர் ஆட்டுப் பட்டியில நின்ன கறுப்புக் கிடாய் மேல ஏறிக்கிட்ட வருசம்தான் எங்கூர்ல வீட்டுக்கு வீடு மான்கறி வெந்த வருசம். அதனால அதை நல்ல வருசம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அந்தப் பேச்சை எடுத்தாலே சீலைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போறவங்களும் இருக்காங்க. நான் எந்தக் கட்சியும் இல்ல. மசாலா அரைச்சுக் குடுத்தவ நான். எனக்கு அம்மி தெரியும், அம்மிக்கு எதிர்ல நடந்தது தெரியும், அதைச் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க.

எங்கூரு ஊஞ்சக்காடு, மலையடிவாரம். ஊருக்கும் காட்டுக்கும் நடுவுல ஒரு ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் கவர்மெண்டு, இந்தப் பக்கம் நாங்க. மானுக்கு அதெல்லாம் தெரியுமா? சோளம் பால் பிடிச்சா ஓடையைத் தாண்டி வந்துரும், நம்ம வெள்ளாட்டோட வெள்ளாடா நின்னு மேயும், ஒரு சோளக்காட்டையே மொட்டையடிச்சுட்டுப் போயிரும். அதுங்க எங்க சோளத்தைத் தின்னுச்சு, நாங்க அதுங்களைத் தின்னோம். பாரஸ்ட்டுக்காரங்க காதுக்குப் போனா ஜெயில்தான், அதனால துப்பாக்கி ஆகாது. சத்தமில்லாம கிட்டப் போயி கழுத்துல சுருக்குக் கயித்தைப் போடணும், அவ்வளவுதான் வேட்டை. ஆனா அந்தக் கிட்டப் போறது இருக்கே, அதுக்குத்தான் அத்தனை பாடும்.

மானுக்குக் கண்ணு பெருசுதான், ஆனா அது நம்பறது மூக்கை. அதனால வேட்டைக்குப் போற ஆளு சோப்புப் போடக்கூடாது, தலைக்கு எண்ணெய் வெக்கக்கூடாது, பீடி கூடாது, வெத்தலை கூடாது, வெங்காயம் பூண்டு பெருங்காயம் கூடாது, பொண்டாட்டி பக்கத்துல படுக்கக்கூடாது, பெத்த புள்ளையை மடியில வெக்கக்கூடாது, ஆட்டுப் புழுக்கை ஊறின தண்ணியில வேட்டியை அலசி பட்டியைச் சுத்தி அடைச்ச படல் மேலயே காயப்போட்டு அதைத்தான் கட்டிக்கணும். இத்தனையும் பண்ணினாலும் மனுசனுக்குள்ள இருந்து ஊறிக்கிட்டே இருக்குதே ஒரு உப்பு, அது போகாது. அதுக்குன்னுதான் எங்கூர்ல 'நாக்குக் குடுக்கறது'ன்னு ஒரு வழக்கம். மத்தியான வெயிலுக்கு ஆடுங்க பட்டியில அடைஞ்சு நிக்கறப்போ வேட்டைக்காரன் கோவணத்தோட உள்ள போயி உக்காந்துக்குவான். வேர்வை உப்புன்னா ஆட்டுக்கு உசுரு. சுத்தி நின்னு நக்கும். ஒரு ஆடு நெஞ்சை நக்கினா அதைத் தள்ளிட்டு இன்னொண்ணுக்கு முதுகைக் காட்டணும், அதைத் தள்ளிட்டு வேறொண்ணுக்குக் கையைக் குடுக்கணும். ஒரே ஆட்டுக்கு முழு உடம்பையும் குடுக்கக்கூடாது, குடுத்தா ஆளோட வாடை மொத்தமும் அந்த ஆட்டுக்கே போயிரும். வேட்டை முடிஞ்சு வந்து பட்டிக்குள்ளயே ஒரு தூக்கம் போட்டா, ஆடுங்க மூச்சுப் பட்டு, போன வாடை திரும்ப வந்துரும். எங்க மாமனாரு காலத்துல இருந்து இப்படித்தான்.

சென்னியப்பன் கொத்துக்காரர் நஞ்சப்பரோட பண்ணையாளு. கொத்துக்காரர்னா ஊருக்குப் பெரியவரு, கோயில் முறையும் அவருதுதான், அந்தப் பட்டியும் அவருதுதான். கரண்டு ராத்திரியிலதான் விடுவாங்கங்கறதால விடிய விடிய வாழைக்குத் தண்ணி கட்டிட்டு வந்த மனுசன், மத்தியானம் நாக்குக் குடுக்கறேன்னு பட்டிக்குள்ள உக்காந்தவன், படல்ல சாஞ்சு அப்படியே அசந்து தூங்கிட்டான். தள்ளிவிட ஆளில்ல. கறுப்புக் கிடாய் ஒண்ணு மத்த ஆட்டையெல்லாம் முட்டி விரட்டிட்டு, அவன் நெத்தியில ஆரம்பிச்சு, கண்ணு ரெப்பை, காதுமடல், கக்கம், தொப்புள், கால்விரல் இடுக்குன்னு ஒரு எடம் பாக்கி விடாம நிதானமா நக்கி முடிச்சுது.

எந்திரிச்சப்போ உடம்பு லேசா இருக்குதேன்னு மட்டும் தோணுச்சாம். வெளிய வந்தா, வாசல்ல படுத்திருந்த அவனோட நாயி தலையைத் தூக்கல. தொட்டான். ஈ உக்காந்தாப்ல காதை ஒரு உதறு உதறிட்டு மறுபடி படுத்துக்கிச்சு. சரி, இன்னிக்கு நல்லாத்தான் நக்கியிருக்குதுங்கன்னு கயித்தை எடுத்துக்கிட்டு ஓடைப் பக்கம் போனான். அங்க ஒரு மான் மந்தையே மேயுது. இவன் காத்து பாக்கல, பம்மல, சுத்திப் போகல, நேரா நடந்து போயி நடுவுல நின்னான். ஒரு பெட்டை மான் இவன் தொடையில இடிச்சுக்கிட்டே புல்லுக் கடிக்குது. கழுத்துல கயித்தைப் போட்டு நடந்தா, கட்டுத்தறிக்கு வர்ற மாடு மாதிரி பின்னாலயே வருது. ஊரெல்லைக்கு வந்து எங்க வாடை பட்டப்புறம்தான் அதுக்கு விசயம் புரிஞ்சு துள்ளுச்சு, அதுக்குள்ள அருவாளோட ஆள் நின்னாச்சு.

யாரும் அதிசயப்படல. அதிசயப்பட்டா கறி ஆறிப் போயிருமே! வாடை கிடாய்கிட்டப் போயிருச்சு, ஆளு வேட்டைக்கு நல்லா ஆகிட்டான், ரெண்டும் ஊருக்கு லாபம்தான்னு பேசிக்கிட்டாங்க. கல்யாணம் வெச்சவங்க சென்னியப்பனைக் கேட்டுட்டு தேதி குறிச்சாங்க. காட்டுக்குக் காவல் இருக்கற ஆளோட வீட்டுக்கும் ஒரு பங்கு தேக்கெலையில கட்டிப் போச்சு. சின்னச் சின்ன இடைஞ்சல் வரத்தான் செஞ்சுது, அதையும் ஊரு பாத்துக்கிச்சு. மாடுங்க அவன் நிக்கறது தெரியாம மேல நடந்து மிதிச்சுட்டதால அவன் கால்ல ஒரு மாட்டுமணியைக் கட்டிக்கச் சொன்னாங்க, வேட்டைக்குப் போறப்போ மட்டும் கழட்டிக்கலாம்னு. பந்தியில பரிமாறறவன் கை அவன் இலையைத் தாண்டித் தாண்டிப் போச்சு, கூப்பிட்டாத்தான், "அட, நீ இருக்கறயா!" அதனால அவன் இலை மேல அடையாளத்துக்கு ஒரு கூழாங்கல்லை வெச்சாங்க. அந்தப் பக்கம் கறுப்புக் கிடாய் டீக்கடை முன்னால போயி நின்னா, கடைக்காரர் கை மறதியா ஒரு டீயை ஆத்திருவார். காட்டுக்குப் போற ஆளுங்க பட்டியைத் தாண்டறப்போ, "என்ன சென்னியப்பா, தண்ணி பாஞ்சுதா?"ன்னு கேட்டுட்டு, திரும்பிப் பாத்து, கிடாய்தான்னு தெரிஞ்சு சிரிச்சுக்கிட்டே போவாங்க. நாயி பட்டிக்கே குடி போயிருச்சு.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற சங்கதி. அவன் மக தேனு விசயம் அப்படி இல்ல.

தேனு அப்பத்தான் நடை பழகி, விழுந்து எந்திரிச்சு ஓடற பருவம். அப்பன் கழனியில இருந்து வந்தா சேத்தோட சேறா அவன் நெஞ்சு மேல ஏறிப் படுத்து, கழுத்துக்குழியில மூக்கை வெச்சாத்தான் அவளுக்குத் தூக்கம். பெரியவங்களுக்குப் பேரு தெரியும், மொகம் ஞாபகம் இருக்கும், அதை வெச்சு ஓட்டிக்குவோம். அந்த வயசுக் கொழந்தைக்கு மூக்குல இருந்துதான் அப்பனே ஆரம்பிக்கறான். அன்னிக்கு அவன் வந்து தூக்கினான் பாருங்க, வீறிட்டுக் கத்துனா. யாரோ கண்ணுக்குத் தெரியாதவன் தன்னைத் தரையில இருந்து தூக்கறான்னு கத்தற கத்தல். மூச்சு நின்னு மொகம் நீலம் பாரிச்சுப் போச்சு. அவன் கீழ விட்டதும் வாசலைத் தாண்டி, வீதியைத் தாண்டி, தத்தித் தத்தி நேரா பட்டிக்குப் போயி, கறுப்புக் கிடாய் கழுத்தைக் கட்டிக்கிட்டு, "அப்பா"ன்னா. சொல்லி முடிக்கல, தூங்கிட்டா.

அதுக்கப்புறம் பொழுதோட பொழுது அவன் பொண்டாட்டி பாவாத்தா புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டுப் பட்டிக்குப் போறதும், கிடாய்கிட்டப் படுக்க வெச்சுத் தூங்கினதும் தூக்கிட்டு வர்றதும் வாடிக்கையாகிப் போச்சு. சென்னியப்பன் படலுக்கு வெளிய இருந்து பாப்பான். மணிச் சத்தம் கேட்டா புள்ளை முழிச்சுக்கும்னு, குத்த வெச்சு, கால் மணியைக் கையில பொத்திப் பிடிச்சுக்கிட்டு இருப்பான்.

ஊரு அதையும் சரின்னு எடுத்துக்கிச்சு. "ஆடுன்னா ஆடு, புள்ளை தூங்குதில்ல?"ன்னாங்க. நானும்தான் சொன்னேன்.

பாவாத்தா மட்டும் எடுத்துக்கல. என் அம்மி பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டு அழுவா. "ரங்கக்கா, சோறு போட்டா சோறு கொறையுது, பேசினா பதில் வருது, ஆனா பக்கத்துல படுத்தா ஆளு படுத்த மாதிரியே இல்லக்கா. எம்புருசன் செத்திருந்தாக்கூட அவிய சட்டையில வாடை இருக்கும். இப்ப சட்டையிலகூட இல்ல."

வழி இல்லாம இல்ல. தாய் ஆடு ஒதுக்கின குட்டியை என்ன பண்ணுவோம்? ரெண்டையும் ஒரே மூலையில அடைச்சுப் போடுவோம். மூச்சும் மூச்சும் கலந்து, வாடை ஏறி, தானா சேத்துக்கும். அதே மாதிரி சென்னியப்பனும் கிடாயும் ஒரு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசை வரைக்கும் ஒண்ணா அடைஞ்சு கிடந்தா வாடை வந்துரும்னு ஊருக்கே தெரியும். நடுவுல வேட்டைக்கு மட்டும் போகக்கூடாது. காட்டுக்காத்து பட்டா ஏறினதெல்லாம் எறங்கிரும். ஒவ்வொரு அமாவாசைக்கும் அவன் போயி கிடாய்கூடப் படுத்தான். படுத்து மூக்கு நுனிக்கு ஒரு துளி வாடை வர்றதுக்குள்ள யாராவது வந்துருவாங்க. ஒருத்தர் மகளுக்கு நிச்சயம்னாங்க, இன்னொருத்தர் வீட்டுக்கு ஒரம்பரை சனம் விருந்துக்கு வந்திருக்குன்னாங்க, கொத்துக்காரர் மச்சினன் கோயமுத்தூர்ல இருந்து கார் எடுத்துட்டு வந்திருக்கான்னாங்க. "இந்த ஒரு தடவை சென்னியா, அடுத்த அமாவாசைக்கு யாரும் உன்னைக் கூப்பிட மாட்டோம்." அவனுக்கு மாட்டேன்னு சொல்லத் தெரியாது. சொன்னாலும் யாரு சொன்னதுன்னு திரும்பிப் பாக்க மாட்டாங்களே.

மாரியம்மன் நோம்பின்னு கோயில் திருவிழாவுக்கு நாள் சாட்டினப்போ பாவாத்தா கொத்துக்காரர் வாசல்லயே போயி நின்னுட்டா.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் கறி வேணும், சரி. எம்புள்ளைக்கு அப்பன் வேண்டாமுங்களா?"

"அப்பன் எங்கம்மா போயிட்டான்? இந்தா நிக்கறானே!"ன்னு கொத்துக்காரர் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் யாரும் இல்ல. சென்னியப்பன் இந்தப் பக்கம் தூணோரமா நின்னுக்கிட்டிருந்தான். சிரிப்பை அடக்கிக்கிட்டு நாங்கெல்லாம் கீழ குனிஞ்சோம். கொத்துக்காரருக்கு மொகம் சுண்டிப் போச்சு, கொரலைத் தணிச்சுக்கிட்டு, "நோம்பிக்கு ஒரு கொம்பு மான் கொண்டு வந்து குடுத்துரட்டும். அத்தோட சரி. ஒரு மாசம் கிடாயோட கிடக்கட்டும், எவன் கூப்பிட்டாலும் நான் கேக்கறேன். மாரியாத்தா மேல ஆணை"ன்னார்.

ஆணையே போட்டுட்டாரேன்னு பாவாத்தா அன்னிக்கு என்கிட்ட வந்து சிரிச்சா. நோம்பியன்னிக்கு விடிஞ்சதும் சென்னியப்பன் கால் மணியைக் கழட்டிப் பொண்டாட்டி கையில குடுத்தான். "இன்னியோட முடிஞ்சுதுடி. நாளைக்கு அமாவாசையில இருந்து நான் பட்டிதான். அடுத்த மாசம் பாரு, அவ என் கழுத்தை விட மாட்டா"ன்னுட்டு ஓடையைத் தாண்டிப் போனான். அந்த மொகத்துல அப்படி ஒரு தெளிவு.

அம்மனுக்குன்னு நேந்து விட்டது செவலைக் கிடாய். கோயில் முன்னால கொண்டு வந்து நிறுத்தினது கறுப்புக் கிடாய். செவலைக்கு வயித்துக் கழிசல்னாங்க. செவலை படலுக்கு அந்தப் பக்கம் நின்னு வேப்பந்தழை தின்னுக்கிட்டிருந்ததை நான் என் கண்ணால பாத்தேன். வாடை திரும்பிட்டா மான் எங்க வரும்? அந்த யோசனை கொத்துக்காரருக்கு மட்டும்தான் இருந்துச்சுன்னு நான் சொன்னா என் நாக்கு அழுகிப் போயிரும். அருவாள் அவர் கையில இருந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். பாவாத்தாளை சோத்துக்கு அரிசி கழுவன்னு ஓடைக் கெணத்துக்கு அனுப்பியாச்சு. அனுப்பினது யாருன்னு கேக்காதீங்க, அரிசி யாராவது கழுவித்தானே ஆகணும்?

கிடாய்க்கு மாலை போட்டு மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. எங்க பக்கம் கிடாய் துளுக்கணும். தலையையும் உடம்பையும் சிலுப்பி உதறினாத்தான் அம்மன் ஒத்துக்கிட்டதா அர்த்தம், துளுக்காத கிடாயை வெட்டக்கூடாது. தெளிச்சாங்க, துளுக்கல. கொடத்தோட ஊத்தினாங்க, துளுக்கல. உருமி அடிக்கறவன் கை சலிச்சு நிறுத்திட்டான். அது பாட்டுக்கு நாலு காலையும் ஊனி, ஒவ்வொருத்தர் மொகமா பாத்துக்கிட்டு நிக்குது. சென்னியப்பன் வாடை ஈரத்துல கெளம்பி கோயில் வாசலெல்லாம் நெறைஞ்சுது. சேறும் சோளத்தட்டும் காஞ்ச வேர்வையும், புள்ளையைத் தூக்கித் தூக்கி ஒட்டிக்கிட்ட பால் வீச்சமும். வேண்டாம், அவுத்து விட்டுருங்கன்னு யாராவது சொல்லிருவாங்கன்னு பாத்தேன். சொல்லத்தான் போனாங்க, பூசாரி வாயைக்கூடத் திறந்துட்டார்.

அப்பப் பாத்து தேனு கூட்டத்துக் காலுக்குள்ள பூந்து வந்துட்டா. கிடாய் நனைஞ்சு நிக்கறதைப் பாத்து, கையைத் தட்டிச் சிரிச்சுக்கிட்டே, "அப்பா!"ன்னா.

கிடாய் அவ பக்கம் திரும்பித் தலையைச் சிலுப்புச்சு.

"துளுக்கிருச்சு!"ன்னு கொத்துக்காரர் கத்தினார். ஊரே குலவை போட்டுச்சு. நான்தான் புள்ளையைத் தூக்கித் திருப்பி, மொகத்தை என் தோள்ல அமுக்கிக்கிட்டேன்.

கறி நல்லா வெந்துச்சு. பொய் சொல்லக்கூடாது, அந்த மாதிரி ருசி எங்கூரு பாத்ததில்ல. ஈரலும் சுவரொட்டியும் கொத்துக்காரருக்குத்தான் முறை, அதை அவர் தின்னார். மத்ததை ஊரே தின்னுச்சு, நானும் தின்னேன். கை கழுவிட்டு வந்து பாத்தா என் கையில சென்னியப்பன் வாடை. முழங்கையில, கக்கத்துல, தலைமுடியில அவனோட வாடை. பக்கத்துல நின்னவ என்னை மோந்து பாத்தா, நான் அவளை மோந்து பாத்தேன். பூசாரிகிட்ட அதே வாடை, டீக்கடைக்காரர்கிட்ட அதே வாடை. நாயி யார்கிட்ட வாலாட்டறதுன்னு தெரியாம பந்திக்கு நடுவுல சுத்திச் சுத்தி வந்து கடைசியில ஊளையிட்டுச்சு. தேனு ஒவ்வொரு மடியா ஏறினா. உருமிக்காரனை "அப்பா"ன்னா, எறங்கிப் பக்கத்தாளை "அப்பா"ன்னா, என் மாரில மூக்கைத் தேச்சு என்னையும் "அப்பா"ன்னா. முதல்ல சிரிச்சோம். அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரல. கடைசியா கொத்துக்காரர் மடியில ஏறினவ, அவர் தொந்தி மேல படுத்து கழுத்துக்குழியில மூக்கை வெச்சு, எறங்க மாட்டேன்னுட்டா. ஈரல் தின்ன ஒடம்பு இல்லையா, அங்கதான் வாடை அதிகம்.

சென்னியப்பன் அப்பத்தான் வந்தான். பெருசா ஒரு கொம்பு மானு, கயித்துல பின்னாலயே நடந்து வருது. அம்மன் முன்னால இருந்த கறுப்புத் தலையைப் பாத்தான், எங்க மேல வீசின தன் வாடையை மோந்தான். கயித்தை விட்டுட்டான். விட்டது தெரியாம மான் அவன் பக்கத்துலயே கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் காத்து திரும்பி ஊர் வாடை பட்டு ஒரே தாவா தாவி ஓடைப் பக்கம் போயிருச்சு. அதைப் பிடிங்கடான்னு ஒருத்தர் வாயிலயும் வரல.

அவன் நேரா என்கிட்டத்தான் வந்தான். "ரங்கக்கா, ஒரு துண்டு இருக்குமா? எலும்பானாலும் சரி."

சட்டியைச் சாச்சுக் காட்டினேன். நல்லாக் கழுவிக் கவுத்த சட்டி.

அரிசி கழுவிட்டு வந்து, அந்தத் தலையைப் பாத்துட்டு பந்தி ஓரமா உக்காந்திருந்த பாவாத்தா எந்திரிச்சு வந்தா. தன் பங்கை அவ வாயில வெக்கல. இலையோட மடிச்சு முந்தியில கட்டி வெச்சிருந்தா. தின்ன மாட்டேன்னு அவ ஒரு கூச்சல் போடல, ஒரு சாபம் விடல. கண்ணுல பொட்டுத் தண்ணி இல்லாம அந்த இலையை அவன் கையில வெச்சு, "தின்னுங்க, சீக்கிரம் தின்னுங்க"ன்னா. அவன் அங்கயே குத்த வெச்சு உக்காந்து தின்னான். தன்னையே மென்னு முழுங்கற மனுசனை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. நானும் அன்னிக்குத்தான் பாத்தேன். முழுங்கி முடிச்சதும் அவன் மேல இருந்து லேசா, ரொம்ப லேசா, அவனோட வாடையே வந்துச்சு. கையை வேட்டியில தொடைச்சுக்கிட்டு கொத்துக்காரர்கிட்டப் போனான்.

"எடுத்துக்கப்பா, உன் புள்ளைதானே"ன்னு கொத்துக்காரர் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினார்.

அவன் தூக்கினான். தேனு கத்தல. கண்ணைத் திறந்தா, அவன் கழுத்துல மூக்கை வெச்சா, ஒரு தடவை இழுத்து மோந்தா. "அப்பா"ன்னா. சென்னியப்பன் அவளை நெஞ்சோட இறுக்கிக்கிட்டான், பாவாத்தா வாயைப் பொத்திக்கிட்டா. மத்தவங்களைச் சொன்ன மாதிரியேதான் இவனையும் சொன்னா. மறுபடி மோந்து பாத்தா. பத்தல அவளுக்கு. மொகம் கோணிக்கிச்சு, சிணுங்க ஆரம்பிச்சு, ரெண்டு கையையும் கொத்துக்காரர் பக்கமா நீட்டிக்கிட்டுத் துள்ளுனா. அவன் தோளை மாத்திப் பாத்தான், முதுகைத் தட்டிப் பாத்தான், "அம்முணி, நாந்தாண்டி சாமி, அப்பண்டி"ன்னு காதுல சொல்லிப் பாத்தான். சிணுங்கல் கத்தலாச்சு, மொகம் நீலம் பாரிக்க ஆரம்பிச்சுது.

அவனே கொண்டு போயி கொத்துக்காரர் தொந்தி மேல படுக்க வெச்சான். மூக்கு கழுத்துக்குழியில சரியா அமையற மாதிரி தலையைத் திருப்பி வெச்சான். தூங்கற வரைக்கும் பக்கத்துல மண்டி போட்டு முதுகைத் தட்டிக் குடுத்தான். அவ தூங்கிட்டா.

கொத்துக்காரர் புள்ளை முழிச்சுக்காம கொரலைத் தணிச்சு, "சென்னியா, அந்தக் கொம்பு மான் தூரம் போயிருக்காதுடா. நாளைக்குப் பாக்கறயா?"ன்னார்.

அவன் மக முதுகுல இருந்து கையை எடுக்காமயே சொன்னான்.

"சரிங்க. இந்தத் துண்டு வாடையும் போகணும்ங்க. நாக்குக் குடுக்க வேற ஒரு ஆட்டைப் பாத்து வெயுங்க."